வால்வுப் பாதையில் ஒரு முடி

உங்கள் அறை சுத்தமாக இருக்கிறது, அமலா மேடம். மேசையை ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் தூசி இடம் மாறுமே தவிர எங்கேயும் போகாது. பலருக்கு இது தெரிவதில்லை. ஏர்கான் வடிகட்டியை மட்டும் யாராவது கழற்றிக் கழுவினால் நல்லது. குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

சமரசம் பேச வந்த இடத்தில் அவசரம் வேண்டாம் என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை. என் மகள் யாமினிதான் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மணவறையில் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது நானா, என் மைத்துனனா என்பதை இன்று முடிவு செய்யப்போகிறாள். அதற்காக உங்கள் மூலம் அவள் கேட்டு அனுப்பியது ஒன்றே ஒன்று: "அப்பா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டது நெஜமா, இல்லையா?" என் மனைவி வசந்தகுமாரியைக் கேட்டால் எல்லாமே பொய் என்பாள். யாமினிக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து தொடங்காமல் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் ரகுபதி. சென்ற ஆண்டு ஓய்வு பெறும் வரை உட்லண்ட்ஸில் கணினிச் சிப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தூசியே இல்லாத அறை ஒன்று, அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்புப் போட்டு, கண் மட்டும் தெரிய உள்ளே போக வேண்டும். அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான்தான் பாடம் எடுப்பேன். இந்த அறையிலேயே மிக அழுக்கான பொருள் எது என்று கேட்பேன். தரை என்பார்கள், கதவு என்பார்கள். நீங்கள்தான் என்பேன். மனிதன் சும்மா நின்றாலே தோல் உதிர்கிறது, முடி உதிர்கிறது, பேசினால் எச்சில் தெறிக்கிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவரவர் உடம்பு அப்படி.

இத்தனை வருஷம் அப்படி ஓர் அறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் சும்மா இருக்குமா? சோபாவில் உட்கார்ந்தால் சன்னல் வெயிலில் மிதக்கும் தூசிதான் தெரிந்தது. வசந்தா தொலைக்காட்சி பார்ப்பாள், நான் அதைப் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் காரின் கியர் சறுக்க ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆட்டோமேட்டிக் கார். காலையில் முன்னால் போகக் கியர் குச்சியை 'டி'யில் தள்ளினால் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நகரும். கார் பார்க்கில் அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டியிருக்கும். இந்த வகைக் கியர்பாக்ஸில் கியரை மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தம் கசியாமல் உள்ளே பிடித்து வைப்பவை ரப்பர் வளையங்கள், சீல் என்பார்கள். வயதானால் அவை முறுக்கு மாதிரி விறைத்துப்போகும். அழுத்தம் ஓரமாகக் கசியும், கியர் சறுக்கும். பழைய சீல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பொறுமையும் சுத்தமும் இருந்தால் யாரும் செய்யலாம்.

புக்கிட் பாத்தோக்கில் எனக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் கியர்பாக்ஸைக் காரிலிருந்து இறக்கினார், தானே சீல் மாற்றித் தருவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் பட்டறையில் ஒரு நாய் இருந்தது. வேலை செய்யும் மேசைக்குக் கீழேயே படுத்துக்கொண்டு காலால் காதைச் சொறிந்தது. வெயிலில் அதன் முடி பறந்ததை நான் பார்த்தேன். காரை அவரிடமே விட்டுவிட்டு, கியர்பாக்ஸைத் தள்ளுவண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு பதினோராவது மாடி. லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அங்கிள், கல்யாண சாமானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பாம் ஷெல்டர். உங்கள் வீட்டிலும் இருக்கும், எல்லார் வீட்டிலும் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் அடைந்து கிடக்குமே, அந்த இரும்புக் கதவு அறை. குண்டு விழுந்தாலும் தாங்கும் என்று கட்டியது, தூசி வராமல் மூட அதைவிட நல்ல கதவு இந்த ஊரில் கிடையாது. அதில் கல்யாணச் சாமான்கள் இருந்தன. தாம்பாளம், குத்துவிளக்கு, சேலைப் பெட்டி, மணப்பெண் அலங்காரப் பெட்டி. எல்லாவற்றையும் நானே தூக்கிக் கூடத்தில் அடுக்கினேன். சுவரைத் துடைத்தேன், கூரையைத் துடைத்தேன், ஒரு ஸ்டீல் மேசை போட்டேன்.

"கல்யாணத்தை வச்சிக்கிட்டு இப்ப எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டாள் வசந்தா.

"கல்யாணத்தன்னிக்கு பொண்ணு நம்ம கார்ல போக வேணாமா?"

அவளும் யாமினியும் எனக்கு நன்றாகவே ஒத்துழைத்தார்கள். சன்னல் திரைகளைக் கழற்றினேன், மடித்து வைத்தார்கள். காற்றாடியைப் போடக்கூடாது என்றேன், அட்டையால் விசிறிக்கொண்டார்கள். தாளிக்கும்போது எண்ணெய்ப் புகை எழுந்து வீடெல்லாம் படிகிறது என்று காட்டினேன், தாளிக்காத சாம்பார் வைத்தாள் வசந்தா. சாம்பிராணியை நிறுத்தினாள். விபூதியைப் பற்றிப் பேசும்போதுதான் முகம் மாறியது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. அது பொடி, உலர்ந்தால் கொட்டும், தண்ணீரில் குழைத்துப் பூசு என்றுதான் சொன்னேன்.

வேலை நன்றாகப் போனது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, மேசையில் வரிசையாக வைத்தேன். கியரைப் பிடிக்கும் புதிய உராய்வுத் தட்டுகளைத் தோசை மாவுப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். புதிய வளையங்களில் கெட்டியானவற்றைப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து இளக்கினேன். ஒவ்வொரு சீலுக்கும் ஓர் உதடு உண்டு. அது அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். விரலில் வாசலின் தொட்டு அந்த உதட்டைச் சுற்றித் தடவும்போது என் மனதில் இருந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது. யாமினி பிறந்தபோது நர்ஸ் அவளை என் கையில் கொடுத்தாள். அப்போது கூட எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. இதில் நடுங்கவில்லை.

கியர்பாக்ஸுக்கு மூளை மாதிரி ஒரு தட்டு உண்டு, வால்வு பாடி என்பார்கள். அலுமினியத்தில் வளைந்து வளைந்து எண்ணெய் ஓடும் பாதைகள், அவற்றில் சின்னச் சின்ன வால்வுகள். அந்தப் பாதையில் ஒரு நூலிழை கிடந்தால் போதும், வால்வு சிக்கிக்கொள்ளும், கியர் விழாது. அதைக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, துணி போட்டு மூடி வைத்திருந்தேன். மறுநாள் காலை துணியை எடுத்தேன். பாதையின் வளைவில் ஒரு முடி கிடந்தது.

கறுப்பு. என் முழங்கை அளவு நீளம். எண்ணெய் பட்டு மினுங்கிக்கொண்டு, இடம் பார்த்துப் படுத்த மாதிரி கிடந்தது.

நான் கத்தவில்லை. இடுக்கியால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். என் வீட்டில் நீள முடி இருப்பது இரண்டு பேருக்கு. வசந்தாவுக்கு இடுப்பு வரை, யாமினிக்கு அதற்கும் கீழே. கல்யாணத்துக்காகவே கத்தரி படாமல் வளர்த்துக்கொண்டிருந்தாள். இது யாருடையது என்று கேட்டிருந்தால் ஒருவர் மேல் பழி வந்திருக்கும். வீட்டில் சண்டை வரும். எனக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு பேரையும் ஒன்றாகவே நடத்துவது என்று முடிவு செய்தேன்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"யாமினிக்கு நாலு வயசுல காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா?" என்றாள் வசந்தா. "ஆஸ்பத்திரியில கூடவே கெடந்தது நாந்தானே."

"அப்ப நான் மாரியம்மனுக்கு ஒண்ணு வேண்டிக்கிட்டேன். புள்ள பொழைச்சு வந்தா வீட்டுப் பொம்பளைங்க முடிய காணிக்கையா தர்றேன்னு."

வசந்தாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "ஏங்க, நெஜமாவா? இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"அம்மனுக்குக் குடுத்த வாக்க மறப்பாங்களா யாராச்சும்? கல்யாணம் வேற வருது. இத தீர்க்காம எப்படிங்க தாலி ஏறும்?" அவள் முகம் வெளுத்துப்போனது.

யாமினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். நன்றாகப் படித்த பெண். எதிர்க்கேள்வி கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"நீங்களா ப்பா? எனக்காகவா வேண்டிக்கிட்டீங்க?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு சாமி நம்பிக்கையே இல்லன்னு நெனச்சேன் லா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சிக்கா இருந்தப்ப நீங்க வார்டுக்கே வரலன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க. அதனால நான்... சாரி ப்பா." எழுந்து வந்து, சாப்பிட்ட கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. அவள் விலகியதும் சட்டையைப் பார்த்தேன். தோளில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். என் முடிவு சரிதான் என்று அப்போது உறுதியானது.

கொஞ்ச நேரம் கழித்து யாமினி மெதுவாகக் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் செய்யலாமா ப்பா? ஃபோட்டோ ஷூட்லாம் புக் பண்ணியாச்சு."

ஊறவைத்த தட்டுகள் தயாராக இருந்தன. தட்டுகளும் சீல்களும் அத்தனை நாள் காத்திருக்காது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னேன். வசந்தாதான் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, தெய்வக் குத்தம் ஆகிடும்டி என்று அழுதாள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனோம். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கையிலிருந்த சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு யாமினியைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணுன்னு சொல்றீங்க. நல்லா யோசிச்சுட்டீங்களா தங்கச்சி? பூ முடி மட்டும் குடுத்தாலும் அம்மன் ஏத்துக்குவா. மூணு கத்தரி போதும்."

யாமினி என் பக்கம் திரும்பினாள். இதை மறைக்கப்போவதில்லை. அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் மூன்று கத்தரியோடு போயிருக்கும். "அப்பா முழுசா வேண்டிக்கிட்டேன்மா" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வசந்தா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. எத்தனை வருஷம் வால்வுப் பாதைக்கு வரக் காத்திருந்த முடி என்று நினைத்தேன். மனது லேசானது. கடையிலேயே இருவரும் மாற்றுத் துணி உடுத்திக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தேன். பழைய துணியை இறுக்கக் கட்டிய பையில் போட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த அளவு சுத்தமாக வேண்டுதல் செலுத்தும் ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். இரண்டு தலையிலும் சந்தனம் பூசியிருந்தது. யாமினி சந்நிதியில் நின்று நெடுநேரம் வேண்டிக்கொண்டாள், என்ன என்று கேட்டேன். "உங்க ஹெல்த்துக்குத்தான் ப்பா" என்றாள். நல்ல பெண். வீடு திரும்புமுன், சந்தனம் காய்ந்தால் பொறுக்கு உதிரும் என்பதால், கீழ்த்தளக் குழாயில் இருவரையும் தலை கழுவச் சொன்னேன்.

மாப்பிள்ளை ஷங்கர் விஷயம் தெரிந்து அன்று சாயங்காலமே வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனும் அழுதான். "இந்த மாதிரி ஒரு அப்பா யாருக்கு கெடைப்பாங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். யாமினி மட்டும் மொட்டையாக நிற்கக்கூடாது என்று மறுநாள் அவனும் அடித்துக்கொண்டு வந்தான். அதைப் பார்த்து உருகிப்போய் அவன் அம்மாவும் முடி கொடுப்பதாகச் சொன்னார். பாவம், அறுபது வயது, முடி அடர்த்தியானவர். இதை நான் தடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சம்பந்தியம்மா பத்திரிகை வேலையாக வாரம் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். அதையும் பார்க்க வேண்டியிருந்தது.

நான்கு தலை. வீடு அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

பிறகு வேலை தடங்கலே இல்லாமல் முடிந்தது. சீல்களைப் பொருத்தி, தட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு பாதையிலும் காற்றைச் செலுத்திப் பார்த்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினோம். எண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினேன். 'டி' உடனே பிடித்தது. பின்னால் போகும் 'ஆர்' முதல் தடவை பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை பிடித்தது. நடுவில் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் யாமினியின் கேள்விக்குப் பதில்.

முகூர்த்தச் சேலைக்கு இரவிக்கை வாங்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். நான் ஓட்ட, பக்கத்தில் ஷங்கர், பின்னால் வசந்தா, யாமினி, சம்பந்தியம்மா. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் மூன்று மொட்டைத் தலைகள் வரிசையாக, காற்று வாங்கிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தன. கியர் மாறுவதே தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பாருங்க," என்றாள் வசந்தா. "நேர்த்திக்கடன தீர்த்ததுக்கு ஆத்தா கைமேல பலன் குடுத்துட்டா."

யார் செய்த வேலைக்கு யாருக்குப் பேர். மனிதனுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வருத்தம் வரத்தானே செய்யும்.

"ஆத்தா இல்ல வசந்தா," என்றேன். "வீட்டுல முடி இல்ல, அதான் காரணம். வால்வுல ஒரு முடி கெடந்துச்சு. அத அப்படியே விட்டிருந்தா வண்டி இப்படி ஓடுமா? அதுக்காகத்தானே இவ்ளோ ஏற்பாடும்."

அவர்களும் மகிழ்வார்கள் என்று உண்மையிலேயே நம்பினேன். நான்கு பேரும் தெரியாமலே ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுத்திருக்கிறார்கள் அல்லவா? முடி கிடந்த இடம், அதன் நீளம், யார் மேலும் பழி போடாமல் நான் யோசித்த விதம், எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினேன். பின்னால் சத்தமே இல்லை. கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

"காரை நிறுத்துங்க ப்பா," என்றாள் யாமினி.

நிறுத்தினேன். அந்த நேரத்திலும் ஒரு குலுங்கல் இல்லை. நான்கு பேரும் இறங்கினார்கள். பூக்கடைகளுக்கு முன்னால் நான்கு மொட்டைத் தலைகளும் நடந்து போவதைக் கொஞ்ச தூரம் வரை பார்த்தேன். வேண்டுதல் கூட்டம் என்று நினைத்து ஒருவர் அவர்களுக்கு வழிவிட்டார். வசந்தாவும் யாமினியும் அன்றிலிருந்து என் மைத்துனன் வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு தடவை மட்டும் வசந்தா துணி எடுக்க வந்தாள். அந்த முடியைக் காட்டச் சொன்னாள். உறையோடு கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்து நுனியைக் காட்டினாள். அது சுருண்டு ஒரு கறுப்பு மணியாக உருகியது. முடி கருகும் நாற்றம் வரவில்லை.

"இது நைலானு," என்றாள். "யாமினி ஜடை தடிமனா தெரிய வாங்கின சவுரி. அலங்காரப் பெட்டியில இருந்துச்சு. அந்தப் பெட்டிய ஷெல்டர்லேர்ந்து தூக்கி வெளிய வச்சது நீங்கதான்." பிறகு சவுரியையும் எடுத்து என் முன்னால் போட்டாள். "இத இப்ப எதுல வச்சுப் பின்றது?"

அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் வால்வுக்கு நைலானும் ஒன்றுதான், முடியும் ஒன்றுதான். ஆபத்து இருந்தது, நடவடிக்கை எடுத்தேன். சவுரி அன்றைக்கு விழுந்தது, முடி இன்னொரு நாள் விழுந்திருக்கும்.

இப்போது நீங்கள் கேட்டீர்களே, குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியை அவர்கள் தலையில் போடச் சொல்லியிருக்கலாமே என்று. உண்மையாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஷெல்டருக்குள் போகும்போது நான் அதைத்தான் போட்டுக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அது தொழிற்சாலை அல்ல, வீடு. வீட்டுக்குள்ளேயே பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று சட்டம் போடுகிற ஆள் இல்லை நான்.

சரி, யாமினியின் கேள்வி.

காய்ச்சல் நிஜம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் பின் இருக்கையில் வாந்தி எடுத்துவிட்டாள். அது பழைய கார், துணி இருக்கை. அம்மாவையும் பிள்ளையையும் வாசலில் இறக்கிவிட்டு, கார் பார்க்கில் அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் துடைக்காவிட்டால் கறை இறங்கிவிடும். அதனால்தான் வார்டுக்கு மேலே போக நேரமாகிவிட்டது, மறுநாள் வேலை இருந்தது. அப்போது நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அங்கே டாக்டர்கள் இருந்தார்கள்.

ஆனால் வேண்டுதலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பட்டறையில் முதல் தடவை 'ஆர்' பிடிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய் கூட என்னைப் பார்த்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மாரியம்மா, ரிவர்ஸ் மட்டும் பிடிக்கட்டும், என் தலைமுடியை உனக்குத் தருகிறேன் என்று வாய்விட்டு வேண்டினேன். மறுபடி குச்சியை இழுத்தேன். 'டொக்' என்றது. கார் மெதுவாகப் பின்னால் போனது. நான் குழந்தை மாதிரி அழுதேன்.

அந்த முடியை இன்னும் கொடுக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவனும் மொட்டையாக நின்றால் நன்றாக இருக்காது. அதோடு, ஒரு தலைக்கு நான்கு தலை முன்கூட்டியே போயிருக்கிறது. அம்மனுக்கு இதில் குறை இருக்காது.

யாமினியை உள்ளே கூப்பிடுங்கள். அப்பா வேண்டிக்கொண்டது நிஜம் என்று சொல்லுங்கள். அப்படி உருகி அப்பா வேறு எதற்காகவும் வேண்டிக்கொண்டதில்லை என்றும் சொல்லுங்கள். எதற்காக என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லிக் கல்யாணப் பெண்ணின் மனதை நோகடிக்க எனக்கு மனம் வராது.